மூட்டைக்கு ஒரு தொட்டி

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அவளால் அங்கே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோபாவில் சாய்ந்தால் யாரோ எழுந்திருக்கச் சொல்லப்போவதுபோல் இருக்கும். எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பாள். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அங்கே நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் இருப்பவள், வீட்டுக்குள் நுழைந்ததும் காலில் சக்கரம் கட்டிக்கொள்வாள்.

இருவருக்குமே அது இரண்டாவது கல்யாணம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய முதல் மனைவி வேறு வாழ்க்கை தேடிப் போனபோது மகள் ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. அந்தப் பெண் இவளைச் சித்தி என்றோ ஆன்ட்டி என்றோ எதுவும் கூப்பிடுவதில்லை. “இங்க பாருங்க” என்பதோடு சரி.

இவளோடு கூடவே வந்தது நாய். கடை வாசலில் கட்டிப்போட்ட சாக்குபோலச் சுருண்டு கிடந்த குட்டிக்கு அன்றைக்கு வைத்த பெயர் மூட்டை. வளர்ந்து பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. கொழுகொழுவென்று உடம்பு, கை புதையும் முடி. அந்த முடிதான் வினையாயிற்று.

“பாத்ரூம்ல தண்ணியே போகல! என் காலெல்லாம் நாய் முடி!” ஒரு காலை நேரம் மகள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

அவர் சத்தம் போடவில்லை. கம்பியை விட்டு அடைப்பை எடுத்தார். கை கழுவிக்கொண்டே, “பின்னாடி வாஷிங் மெஷின் பக்கத்துல மூட்டைக்குன்னு தனியா ஒரு தொட்டி கட்டிடலாம். குனியாம நின்னே குளிப்பாட்டலாம். கை ஷவர் ஒண்ணு, முடி அடைக்காம இருக்க வடிகால்ல வலை மூடி ஒண்ணு. மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன்” என்றார்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. நாயைப் பின்னால் தள்ளுகிறார்களா? இன்றைக்கு நாய், நாளைக்கு? அடுத்த நிமிடமே வேறு பயம் பிடித்துக்கொண்டது. தனக்காக ஒருவர் அவருடைய வீட்டுச் சுவரையே உடைக்கிறார் என்றால், அதற்குத் தான் தகுதியானவளா?

“எதுக்குங்க வீண் வேலை? மாடியில பைப்படியில கழுவிக்கிறேனே.”

“எத்தனை நாளைக்கு மாடிக்குத் தூக்கிட்டு ஓடுவ?” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மேஸ்திரி வந்தார். சுவரைக் கொத்தினார், பைப்பை வெட்டினார். வீடெங்கும் செங்கல் தூள். “அக்கா, தொட்டி எந்தப் பக்கம் பார்த்து வரணும்?” என்று கேட்டார். “உங்க இஷ்டம்.” “டைல்ஸ் என்ன கலர்?” “எதுவானாலும் சரி.” மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “உங்க வீட்டைப் பத்தித்தான்க்கா கேக்கறேன்” என்றார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை பகலில் அது நடந்தது. எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக போன் வர அவர் ஓடிவிட்டார். மேஸ்திரி சிமெண்ட் கலவையைக் குழைத்து வைத்துவிட்டு டீ குடிக்க வெளியே போயிருந்தார். மூட்டைக்கு அந்தக் குளுமை பிடித்துவிட்டது. அதில் போய்ச் சுகமாகப் படுத்து, இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல்.

“ஐயோ, இங்க பாருங்க!” மகள்தான் முதலில் கத்தினாள்.

திரும்பி வந்த மேஸ்திரி பதறினார். “காயறதுக்குள்ள கழுவிடுங்க. சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிடும்.”

எங்கே கழுவுவது? பைப்பை வெட்டியதால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குடிக்கப் பிடித்து வைத்திருந்த குடத்தைக் கொட்டியதில் முகமும் முன்கால்களும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. நாய் முனக ஆரம்பித்தது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

“ரெண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு இடம் இருக்கு. வா.”

மேஸ்திரியின் ஒற்றைச் சக்கர வண்டியில் மூட்டையை ஏற்றினார்கள். அவள் தள்ள, மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். தெருவில் ஒருவர் நின்று, “சிலை செய்யக் கொண்டு போறீங்களா?” என்று கேட்டார். சிரிக்க நேரமில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. பர்ஸின் உள்ளறையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொக்கியில் இரண்டு சேலை. மகள் சுற்றிப் பார்த்தாள். குளியலறையில் ஒருத்தி பிடிக்க, ஒருத்தி வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தாள். சாம்பல் நிறத் தண்ணீர் ஓடி ஓடி, கடைசியில் தெளிந்தது. வயிற்றில் லேசான சிவப்பு, வேறொன்றுமில்லை.

அப்புறம்தான் மகள் கேட்டாள். “இது யார் ரூம்?”

“என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடி இங்கதான் இருந்தேன்.”

“இன்னும் ஏன் வச்சிருக்கீங்க? அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. ஈரத் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். “நீங்க இங்க தங்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்களை நான் எதுவும் கூப்பிடாததே அதனாலதான். கூப்பிட்டுப் பழகி, அப்புறம் நீங்களும் போயிட்டா?”

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “முதல் கல்யாணம் முறிஞ்சப்ப எனக்குப் போக இடமில்லாமப் போச்சு. ஒரு பையோட பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். அந்தப் பயம்தான்மா. உன்னாலயோ அப்பாவாலயோ இல்ல.”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்.”

அன்று மாலை அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். அவர் சுவரில் கையை ஊன்றி நின்றார்.

“மாட்டிக்கிட்டோம்னு இருக்கா உனக்கு, இங்க?”

“இல்லங்க. கதவுப் பக்கத்துலயே நின்னு பழகிட்டேன்.”

அவர் உள்ளே போய்விட்டார். கோபம்தான். அடுத்த சில நாட்கள் “தண்ணி,” “சாவி,” “வரேன்” என்பதற்கு மேல் பேச்சில்லை. அவள் வீட்டை வளைய வளைய வந்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள். மகள்தான் ஒரு சாயங்காலம் பொறுக்காமல், “அப்பா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா அவங்க போகத்தான் போவாங்க” என்று வெடித்தாள். அவருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு. அவளைப் பார்த்து, “அந்த ரூமை வச்சுக்கணும்னா வச்சுக்கோ. ஆனா என்கிட்ட ஒளிக்காதே. அதைத்தான் என்னால தாங்க முடியல” என்றார்.

தொட்டி காய்ந்து தயாரானதும் மூட்டை அதில் ஏறவே மாட்டேன் என்று நாலு காலையும் பரப்பி நின்றது. மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கை ஷவர் கையை விட்டு நழுவிப் பாம்புபோலத் துள்ளியதில் அவர் தலையிலிருந்து கால் வரை நனைந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் ரூம் ஓனர் அம்மாவுக்கு போன் செய்தாள். அறையைக் காலி செய்வதாகச் சொன்னாள்.

“ஏம்மா, வேற இடம் பார்த்துட்டியா?”

“இல்லம்மா, எங்க வீட்ல நாய்க்குக் குளிக்க இடம் கட்டியாச்சு” என்றாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.