நாலு வரி படித்து ஒட்டிய லேபிள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத மதிய நேரத்தில்தான் அவள் அந்த வேலையைச் செய்வாள். ஒரு மருத்துவமனைத் தொடருக்கு இணையத்தில் பெரிய ரசிகர் குழு இருந்தது. தொடரில் வரும் டாக்டரையும் நர்ஸையும் வைத்து ரசிகர்களே கதை எழுதிப் பேர் போடாமல் அனுப்புவார்கள். காதல், சோகம், சண்டை, சிரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டி வெளியே விடுவது அவள் பொறுப்பு. குழுவில் அவளுக்கும் பேர் கிடையாது. 'கத்தரி' என்பார்கள். லேபிளோடு அவள் சேர்க்கும் கிண்டல் வரிக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அந்தப் பெருமையில் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்தொரு கதைகள் காத்திருந்தன. ஒன்றில் ளகரமும் ழகரமும் கண்டபடி இடம் மாறியிருந்தன. டாக்டருக்கு வாய் கோணிவிட்டது, நர்ஸ் ஸ்பூனால் சூப் புகட்டுகிறாள், பாதி சட்டையில் வழிகிறது. நாலு வரி படித்தாள். 'சிரிப்பு' என்று ஒட்டி, 'வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கவும்' என்று சேர்த்தாள். அதற்குள் ஒருவர் உடைந்த பிரேமோடு வந்து நிற்க, கதையை மறந்தே போனாள்.

மாலைக்குள் முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். 'டாக்டர் கடைசி வரை வாயே திறக்கலையே, வசனம் எழுதத் தெரியாதோ?' என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அதற்கு அவளும் ஒரு இதயம் போட்டாள்.

வியாழக்கிழமை காலை வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் இறந்து இரண்டு வருடமாக அவளும் அண்ணியும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். அண்ணி திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தைக்க வேண்டிய துணி மடியில் கிடக்க, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த குரூப்புல அனுப்பினதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"என்ன அண்ணி அனுப்பினீங்க?"

"சும்மா ஒரு கதை. உங்க அண்ணன் படுத்திருந்தப்ப நடந்ததை அந்த டாக்டருக்கு நடந்த மாதிரி மாத்தி எழுதினேன். யாரோ சிரிப்புன்னு போட்டுட்டாங்க. நான் எழுதின லட்சணம் அப்படியோ என்னவோ."

அவள் போனை வாங்கி, இந்தத் தடவை முழுக்கப் படித்தாள். ஐந்தாவது வரியில் டாக்டர் கண்ணால் பேசினார். ஒரு தடவை சிமிட்டினால் சரி, இரண்டு தடவை என்றால் வேண்டாம். அண்ணனின் கட்டிலருகே நின்று அவளும் மூன்று மாதம் எண்ணிய கணக்கு அது. கடைசியில் நர்ஸ், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டுமா என்று கேட்கிறாள். அவர் ஒரு தடவை சிமிட்டுகிறார். அவள் திரும்பி வரும்போது கட்டில் காலி.

"எடுத்துடலாம் அண்ணி," என்றாள். தான்தான் கத்தரி என்று சொல்ல வாய் வரவில்லை. குழுவில் யாருக்கும் சொல்லாமல் கதையை நீக்கிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

பதினோரு மணிக்குக் குழுவிலிருந்து செய்தி வந்தது. 'கத்தரி, அந்தக் காமெடி எங்கே போச்சு? எல்லாரும் கேக்குறாங்க.' முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள்.

"அண்ணி, அந்த லேபிளை ஒட்டினது நான்தான்."

மெஷின் நின்றது. "படிச்சுட்டா ஒட்டின?"

"நாலு வரி."

அண்ணி அவளையே பார்த்தாள். "முழுசாப் படிச்சுட்டுச் சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

படிக்காமல் ஒட்டியது தன் தப்பு என்று அன்றே குழுவில் எழுதிப் பொறுப்பை விட்டாள். பெரிய மனசு என்று பலர் பாராட்டினார்கள். சிரித்ததைவிட அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

ஒரு வாரம் வீட்டில் சாவி எங்கே, கதவைச் சாத்து என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. எட்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணியே கேட்டாள்.

"அவர் போன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீ ஏன் எங்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல?"

"பயமா இருந்துச்சு அண்ணி."

"கேக்க ஆளில்லாமத்தான் முகம் தெரியாதவங்ககிட்ட போய்ச் சொன்னேன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தட்டில் கை காய்ந்துகொண்டிருந்தது. "இப்பச் சொல்லுங்க," என்றாள்.

அண்ணி எழுந்து கை கழுவிவிட்டு வந்து, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.