கடைசித் தொட்டியில் போட்ட முடிச்சு

இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காகக் கயிறு கட்டுகிறான்? சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொள்கிறான். கேட்டால் சிரிப்பு வேறு. ஆற்றிலேயே ஆயுசைக் கழித்த படகுக்காரருக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய மகள், கயிறு பிடிக்க அவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிவந்த சரக்குப் படகு ஆற்றை விட்டு, புதுக் கால்வாயில் புகுந்து, ஏரியைக் கடந்து, கடலுக்கு முந்தைய கடைசித் தொட்டிக்குள் நின்றது. முன்னும் பின்னும் இரும்புக் கதவு. தண்ணீரை வடித்துப் படகைக் கடல் மட்டத்துக்கு இறக்குவார்கள். இந்த வழியில் கடலைத் தொடப்போகும் முதல் படகு அதுதான். சேதமில்லாமல் சேர்த்தால் படகு அவள் பொறுப்பு. இடித்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். கரையில் கூட்டம் நெரிந்தது.

"அப்பா, கயித்தக் கட்டிடாதீங்க. கையில பிடிச்சு, தண்ணி எறங்க எறங்க விட்டுக்கொடுங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கயிறு பிடிச்சவன் நான். போய் சுக்கானப் பாரு."

மடை திறந்தது. அவள் முதுகு திரும்பியதும், கரையில் நட்டிருந்த குற்றியைச் சுற்றி வந்த கயிற்றின் நுனியை அவர் படகு முளையில் இறுக்கி முடிந்தார். எத்தனையோ வெள்ளத்தில் படகைக் காத்த முடிச்சு. ஆனால் ஆறு இழுக்கும், தொட்டி இறங்கும். தண்ணீர் கீழே போக, படகு கயிற்றில் தொங்கி ஒருக்களித்தது. மூட்டைகள் சரிந்தன.

"என்னம்மா, படகக் கொடியில காயப்போடுறியா?" என்றான் மேலிருந்த மதகுக்காரன்.

"மடைய மூடுண்ணே, அப்புறம் சிரிக்கலாம்" என்றபடி அவள் கோடாலியோடு ஓடிவந்தாள். முடிச்சு இம்மியும் இளகவில்லை. ஒரே வெட்டு. படகு தொப்பென்று நீரில் அமர்ந்து தளும்பியது. ஒரே பாய்ச்சலில் சுக்கானைப் பிடித்தவள், சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது படகைத் திருப்பிவிட்டாள்.

மறுபடி மடை திறந்து, தண்ணீர் கடல் மட்டத்துக்கு இறங்கியது. முன்கதவு பிளந்தது. எதிரே கடல், மறுகரையே இல்லாமல். அவள் சங்கை அலறவிட்டாள். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பதில் ஊதின. படகு துறையில் ஒதுங்கியதும் துறைமுக அதிகாரி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு கீறல் இல்ல. இனி இது உன் படகும்மா."

கூட்டம் அவளைத் தோளில் தூக்காத குறை. அதற்குள்ளும் அவள் அப்பாவைத் தேடி வந்துவிட்டாள்.

"கட்டாதீங்கன்னு சொன்னேன்ல?"

"முடிச்சு அவுந்துச்சா?"

"அவுழல."

"அப்ப என் கட்டுல குத்தமில்ல. தொட்டியிலதான் குத்தம்."

வெட்டுப்பட்ட கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கடலைத் திரும்பியும் பாராமல் அவர் நடந்தார்.