கருப்பையா வீட்டு ராச்சாப்பாடு

கல்கத்தாவில், காளிகாட் மெட்ரோவிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் கருப்பையாவின் இட்லிக் கடை இருக்கிறது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் மாவாட்ட வந்தவர், பதினாறு வருடமாகச் சொந்தக் கடை நடத்துகிறார். காலை ஆறரைக்குத் திறந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவார். இறக்கும்போது கையில் ஒரு பை இருக்கும். அதில் பன்னிரண்டு இட்லி, சின்னத் தூக்கில் சாம்பார், பொட்டலத்தில் சட்னி. வீட்டுக்கு அதுதான் ராச்சாப்பாடு.

வீடு பவானிபூரில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மனைவி கமலம் தினமும் காலையில் கடைக்குப் போய் வெங்காயம் உரித்து, காய் நறுக்கி, சட்னிக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு மதியம் திரும்புவாள். அதற்குப் பிறகு அவளுக்கு அடுப்பு வேலை கிடையாது. மகள் நந்திதா பத்தாவது படிக்கிறாள். கல்கத்தாவிலேயே பிறந்தவள். தமிழில் ஆரம்பித்தால் வங்காளத்தில் முடிப்பாள்.

"மா, அபார் இட்லி?" என்று கேட்பாள், பையைப் பார்த்ததும். மறுபடியும் இட்லியா என்று. கோபமாகக்கூட இல்லை. வெளியே மழையா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டு, தன்பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவாள்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், கீழ்வீட்டு சந்தனா காக்கிமாவிடம், அதாவது சந்தனா சித்தியிடம், கணக்குப் படிக்கப் போன நந்திதா நேரமாகியும் வரவில்லை. கமலம் கூப்பிடப் போனாள். மகள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுடுசோற்றில் மசித்த உருளைக்கிழங்கைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். கடுகெண்ணெய் வாசம் வாசல்வரை வந்தது. காக்கிமா கையில் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டாவது தட்டு இது," என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தாள் காக்கிமா. "உங்க வீட்ல சாயங்காலம் அடுப்பே பத்தவைக்கிறதில்லையாமே? பொண்ணு சொல்றா."

காக்கிமா குத்திக்காட்டிப் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் மாடிப்படி ஏறும்போது கமலத்துக்கு முகம் சுருங்கிப்போயிருந்தது.

அன்று கருப்பையா வந்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நாளையிலேருந்து ராத்திரிக்கு நான் இங்கயே சமைக்கிறேன். நீங்க எதுவும் கொண்டு வர வேணாம்."

"ஏன்? இட்லிக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்லங்க. கடை மிச்சத்தையே எத்தன வருசம் திங்கிறது? சூடா ஒரு வாய் சோறு திங்கணும்னு இருக்கு. பிள்ளையும் ஏங்கிக் கெடக்கு."

கருப்பையா அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

"கையில இருக்கறதுக்குள்ள முடியுமா?" என்றார் அங்கிருந்தே.

"வீட்டுச் செலவுக்குக் குடுக்கறதுக்குள்ளயே பாத்துக்கிறேன். மேல ஒரு ரூவா கேக்க மாட்டேன்."

"சரி. ஒன் இஷ்டம்."

மறுநாள் காலையில் ஜதுபாபு பஜாரில், ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கீரையும் ஒரு கீற்றுப் பூசணியும் வாங்கினாள். சாயங்காலம் அரிசியைக் களைந்து உலையில் போட்டு, அதிலேயே மூன்று உருளைக்கிழங்கைக் கழுவிப் போட்டாள். காக்கிமா சொல்லிக் கொடுத்த யோசனை. ஒரே பானை, ஒரே தீ, சோறும் கிழங்கும் சேர்ந்து வெந்துவிடும். கிழங்கை உரித்து மசித்து, பச்சை வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, ஒரு கரண்டி கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தாள். தொட்டுக்கொள்ள மசூர்ப் பருப்பைக் கீரையோடு நீர்க்க வேகவைத்து, சீரகம் தாளித்துக் கொட்டினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கருப்பையா எட்டேகாலுக்கு வந்தார். கையில் பை இல்லை. வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

"என்னது, கடுகெண்ணெயா?"

"ஒரு கரண்டிதாங்க. உக்காருங்க."

"நான் கடையிலயே சாப்பிட்டுட்டேன். நீங்க சாப்பிடுங்க."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும்.

கமலம் விடவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சாயங்காலச் சமையல். முதல் இரண்டு நாள் பருப்பில் உப்பு முன்னேபின்னே இருந்தது. அப்புறம் கை பழகிவிட்டது. ஒரு நாள் பொரியை நனைத்துப் பிழிந்து வெங்காயம் தாளித்துப் பொரி உப்புமா. ஒரு நாள் தட்டைப்பயற்றுக் குழம்பு. ஒரு நாள் பூசணிக்காயும் கொண்டைக்கடலையும் போட்ட கூட்டு. பூசணித் தோலைக்கூட எறியாமல் பொடியாக நறுக்கி, கருஞ்சீரகம் போட்டு மொறுமொறுவென்று வதக்கினாள். அதற்கும் நந்திதா சப்புக்கொட்டினாள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்வாள். இத்தனை பேச்சு இந்தப் பெண்ணுக்குள் இருந்ததா என்று கமலத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைப் பை வந்த நாட்களில் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். இப்போது காய் நறுக்குவதில் தொடங்கினால் கை கழுவுவது வரை ஒரு மணி நேரம் ஓடுகிறது.

ஆனால் மூன்றாவது தட்டு அலமாரியிலேயே இருந்தது. ஒரு வாரம் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேருக்கு மட்டுமே அரிசி போட்டாள்.

பத்தாம் நாள் காலை, கடையின் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பில் நிற்கும் மாரியப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். திருநெல்வேலிப் பையன் என்று எல்லோரும் சொன்னாலும் அவனுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும்.

"மதினி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீயளே?"

"சொல்லு."

"அண்ணாச்சி ராத்திரி ஒழுங்காவே சாப்பிட மாட்டேங்காவ. ஒரு டீ, ஒரு பன். அவ்வளவுதான்."

கமலத்தின் கை நின்றது. "இங்கயே சாப்பிட்டுட்டு வர்றேன்னு சொல்றாரே?"

"எங்க சாப்பிடுதாவ? முன்னெல்லாம் ஏழரை ஆச்சுன்னா வீட்டுக்குன்னு தனியா ஒரு ஈடு இட்லி ஊத்துவாவ. என்னையக்கூடத் தொட விட மாட்டாவ. இப்ப ஏழரைக்கு அடுப்பையே பாத்துக்கிட்டு நிக்காவ."

"தனி ஈடா? கடையில மிஞ்சுறதத்தானே கொண்டு வருவாரு?"

மாரியப்பன் சிரித்துவிட்டான். "மிஞ்சுறது எனக்கும் பாத்திரம் வெளக்குற அக்காவுக்கும்லா? வீட்டுக்குப் போறது புது ஈடு மதினி. தெனமும்."

கமலம் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கை தன்பாட்டுக்கு உரித்தது. அந்த இட்லி ஒரு நாளும் ஆறியோ காய்ந்தோ இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பையைத் திறந்தால் ஆவி வரும். அது ஏன் என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அவரிடமே போய் மிச்சம் என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேரம் விடாமல் கொட்டியதில் காளிகாட் சந்துகளில் முழங்கால் அளவு தண்ணீர். ஐந்தரை மணிக்கே கருப்பையா வீட்டு வாசலில் நின்றார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கடைக்குள்ள தண்ணி வந்துருச்சு. மூடிட்டேன்."

கமலம் துண்டை நீட்டினாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலையைத் துவட்டினார்.

"மாரியப்பன் எல்லாம் சொல்லிட்டான்," என்றாள்.

"அவனுக்கு வாய் ஜாஸ்தி."

பஜாருக்குப் போக வழியில்லை. வீட்டில் இருந்தது இரண்டு முட்டை, இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு துண்டுப் பூசணி, பாசிப்பருப்பு. இரண்டு பேருக்கே கச்சிதமாக இருக்கும். கமலம் வாணலியை வைத்துப் பருப்பைச் சிவக்க வறுத்தாள். வறுபட்ட வாசம் வீடு முழுக்கப் பரவியது. அரிசியோடு அதைச் சேர்த்து, கிழங்கையும் பூசணியையும் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீரை இரண்டு செம்பு கூடுதலாகவே ஊற்றினாள். மழை நாளில் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வேகிற கிச்சுரிதான்.

கருப்பையா அடுப்படி நிலையில் வந்து நின்றார்.

"கடுகு தாளிக்கலையா?"

"இது ஒங்க கடை இல்ல. இந்தாங்க, சும்மா நிக்காம இஞ்சியத் தட்டுங்க."

அவர் தட்டிக் கொடுத்தார். முட்டையைப் பார்த்துவிட்டு, "ரெண்டுதான் இருக்கா? மூணு பேரு," என்றார்.

"நீங்களே பாத்துச் செய்ங்க."

முட்டையை உடைத்து ஊற்றி, பொடியாக அரிந்த வெங்காயமும் மிளகாயும் இரண்டு ஸ்பூன் கடலைமாவும் சேர்த்து அடித்தார். தோசைக்கல் காய்ந்ததும் மாவு வார்ப்பது போலவே கரண்டியின் அடியால் மெலிசாக இழுத்துவிட்டார். கல் முழுக்கப் பரவியது. நந்திதா கை தட்டினாள்.

"பாபா, தாருண்! பிரமாதம்! ஆம்லெட்டா தோசையா இது?"

"முட்ட தோச, ஆத்தா. தட்ட எடுத்துட்டு வா."

ஆறரை மணிக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த நேரத்தில் கருப்பையா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருடம் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கிச்சுரி குழைந்து, தட்டில் மெதுவாகப் பரவியது. நடுவில் குழி செய்து கமலம் கொஞ்சம் நெய் விட்டாள். அவர் முதல் வாயை ஊதி ஊதித் தின்றார். இரண்டாவது வாய்க்கு ஊதவில்லை.

"தனி ஈடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் கமலம்.

"தெரியும்னு நெனச்சேன்."

"அன்னிக்கு நான் மிச்சம்னு சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"அப்பச் சொன்னா, செஞ்சதச் சொல்லிக் காட்டுன மாதிரி இருக்கும்." அவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார். "கோவம்தான். கடையில வர்றவன் போறவன்லாம் நல்லாருக்குன்னுட்டுப் போறான், வீட்ல வேணாம்னுட்டாங்களேன்னு."

"இட்லி வேணாம்னு சொல்லலங்க. நீங்க நாள் பூரா அடுப்புல நின்னுட்டு, ராத்திரிக்கும் நீங்களே எங்களுக்காக நிக்கணுமா? எனக்குத்தான் சாயங்காலம் சும்மா போகுதே."

அவர் தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். பிறகு தட்டை முன்னால் நகர்த்தினார்.

"இன்னொரு கரண்டி போடு."

பானையில் அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டாள். அதுவும் போயிற்று.

மறுநாள் தண்ணீர் வடிந்து கடை திறந்தது. நான்கு மணிக்குக் கமலத்தின் போன் அடித்தது. கருப்பையா வேலை நேரத்தில் போன் செய்கிற ஆளே இல்லை. பதறிப்போய் எடுத்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு என்ன?"

"பசலக்கீரையும் பருப்பும். அப்பளம் சுடலாம்னு இருக்கேன்."

"சரி, சரி," என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான்கு மணி போன் வழக்கமாகிவிட்டது. அலிப்பூர் ஆபீஸ்காரர்கள் ஆறரைக்குள் வந்து போய்விடுகிறார்கள், பிறகு வியாபாரம் மந்தம்தான் என்று சொல்லி, ஆகஸ்டிலிருந்து ஏழு மணிக்கெல்லாம் கடையை மாரியப்பனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். கடுகெண்ணெய்க்கு மட்டும் அவர் லேசில் மசியவில்லை. கமலம் அரைக் கரண்டியில் தொடங்கி, அவர் கவனிக்காதபடி ஒவ்வொரு சொட்டாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

செப்டம்பரில் நந்திதாவுக்குப் பரீட்சை. அன்று பீர்க்கங்காய்க் கூட்டும் ரசமும். சாப்பிட்டதும் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கருப்பையா சட்டைக்கையை மடக்கிக்கொண்டு தொட்டியில் பாத்திரங்களைப் போட்டார்.

"விடுங்க, நான் வெளக்கிக்கிறேன்," என்றாள் கமலம்.

"நீ போய் ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. வாணலியில் ஒட்டியிருந்த கூட்டை விரலால் வழித்துத் தின்றபடி, தீப்பெட்டி தீர்ந்துவிட்டது, நாளைக்கு முள்ளங்கி வாங்கலாமா என்று ஏதேதோ பேசிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"அதையும் குடு, கழுவணும்," என்றார் அவர், வாணலிக்காகக் கையை நீட்டி.

"இருங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றாள் கமலம்.