அண்ணி கட்டிய வரிசைகள்

அண்ணன் போனில் விஷயத்தைச் சொல்லவில்லை. "பாப்பா, நேரம் கிடைச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போ. செடிங்க ஒரு மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஏற்கெனவே அதிகம் பேசாதவர், மனைவி போனபிறகு பேச்சை இன்னும் சுருக்கிக்கொண்டிருந்தார். தங்கை தாவர நோய் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டி அண்ணனின் ரோஜா நாற்றங்கால். காட்டு ரோஜாவின் தண்டைக் கீறி, நல்ல ரோஜாவின் மொட்டை அதில் செருகி நாடாவால் கட்டுவார்கள். பாதிக்கு மேல் பிடித்தாலே பெரிய விஷயம். அண்ணி கட்டினால் ஒன்றுகூடத் தவறாது. 'கைராசிக்காரி' என்றுதான் செடி வாங்க வருகிறவர்கள் அவளைச் சொல்வார்கள். அவளுக்கும் நாத்தனாருக்கும் ஒரே வயது. "வாங்க டாக்டரம்மா, எங்க செடிங்களை நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்க" என்று வாசலிலேயே கிண்டலை ஆரம்பித்துவிடுவாள். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளை ஒரு வாரம்கூட விட்டுவைக்கவில்லை.

தங்கை மண்டியிட்டு, ஒரு செடியின் அடிமண்ணை விரலால் விலக்கினாள். தண்டும் வேரும் சேரும் இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. பழுப்பு நிறம், தொட்டால் சொரசொரப்பு. அடுத்த செடியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"பூச்சியா?" என்றார் அண்ணன்.

"இல்லைண்ணா. இலையில வர்ற கழலைன்னா குளவி, ஈ, சிலந்திப்பேன்னு ஏதாவது உள்ள குடியிருக்கும். இது பாக்டீரியா." கட்டியை வெட்டிக் காட்டினாள். உள்ளே புழுவும் இல்லை, பொந்தும் இல்லை. "காயம் இருந்தாத்தான் இது உள்ள நுழைய முடியும். நுழைஞ்சிட்டா செடியோட புத்தியையே மாத்திடும். அப்புறம் கிருமி செத்தாலும் செடி தானாவே கட்டியை வளர்த்துக்கிட்டு இருக்கும்."

"மருந்து?"

"கிடையாது. பிடுங்கி எரிக்கணும்."

அண்ணன் வரிசைகளைப் பார்த்தார். "எப்படி வந்துச்சு?"

அவளுக்கு அது தெரிந்துவிட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், அண்ணன் தன் கத்தியால் கட்டிய செடிகள் சுத்தமாக இருந்தன. இந்தப் பக்கம் அண்ணி கட்டியவை எல்லாவற்றிலும் கட்டி. அவள் போனபிறகு அண்ணன் அவளுடைய கத்தியை எடுத்துக் கட்டிய இளஞ்செடிகளிலும் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. நோய்ப்பட்ட ஏதோ ஒரு செடியைக் கீறிய கத்தி, துடைக்காமலே அடுத்ததற்குப் போயிருக்கிறது.

மண்ணிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்னால் அண்ணன் வேறு நிலம் பார்ப்பார். அதே கத்தியோடு போவார்.

"கத்தி வழியாண்ணா" என்றாள்.

"எந்தக் கத்தி?"

அண்ணன் தொட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம். அவர் முகம் சிவந்தது.

"நீ இங்க வந்து அவகூட உக்காந்து அரட்டை அடிச்சியே, ஒரு தடவையாவது கத்தியைக் கழுவுன்னு சொன்னியா? பெரிய படிப்பு!"

"தோணலைண்ணா."

கோபம் அவரிடம் நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்த அண்ணியின் கத்தி மேல் கையை வைத்துக்கொண்டு, "அவளுக்கு இது தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது. கட்டி வெளிய தெரிய மாசக்கணக்காகும்."

"நல்லவேளை" என்றார் அண்ணன்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கை மறுபடி வந்தாள். இருவருமாகப் பிடுங்கினார்கள். வாசலோரம் ஒரு மஞ்சள் ரோஜா நின்றது. அண்ணி கடைசியாகக் கட்டியது. அதன் அடியில் மிளகளவுக்குத்தான் கட்டி.

"இதை மட்டும் பூந்தொட்டியில வச்சுக்கிறேனே?"

சரி என்ற சொல் அவளுக்கு வாய் வரை வந்தது. "பக்கத்துத் தோட்டங்களும் இருக்குண்ணா" என்றாள்.

அண்ணன் அதைத் தானே பிடுங்கிக் குவியலில் போட்டார். பச்சைத் தண்டு லேசில் எரியவில்லை, புகைந்துகொண்டே இருந்தது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழிபோடப் புகை இருந்தது.

அந்த நிலத்தில் இப்போது மக்காச்சோளம். இந்தக் கிருமி சோளத்தை அண்டாது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்பதால் சாலையிலிருந்து பார்த்தால் வீடே தெரிவதில்லை. தங்கை அவ்வப்போது வந்து போகிறாள். அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறார். அண்ணியைப் பற்றி மட்டும் எதுவும் பேசுவதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே எடுத்தாள். "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்ணா. மறுபடி ரோஜா வச்சுப் பார்க்கலாம்."

அண்ணன் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"சோளமே இருக்கட்டும் பாப்பா" என்றார்.