சக்கை தின்ற கூண்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிக்குப் பெயர் வைக்கக் கூடாது. நம்பர்தான். கொஞ்சக் கூடாது, எடை போடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. சட்டம் போட்டவர் என் ஆய்வு வழிகாட்டி. என் தாய்மாமாவும் அவரே. சொந்தக்காரப் பெண்ணுக்குச் சலுகை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதாம், அதனால் என்னிடம் மட்டும் இரண்டு பங்கு கடுகடுப்பு. வீட்டில்தான் மாமா. இங்கே சார்.

வேலை இதுதான். வலி மாத்திரை மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் எலியின் ஈரல் கெடும். கூடவே நாங்கள் ஆராயும் மூலிகை இலையை வேகவைத்து வடித்த சாற்றைக் கொடுத்தால் ஈரல் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு கூண்டுக்கு மருந்தும் சாறும். அடுத்ததற்கு மருந்தும் வெறும் தண்ணீரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் நான் பிழைத்தேன். முன்பே சொதப்பியிருந்ததால், இம்முறையும் தேறாவிட்டால் எலி அறையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அறை போனால் என் பட்டமும் போச்சு.

ரத்தம் பரிசோதிக்கும் அக்கா முடிவைச் சொன்னாள். சாறு குடித்த எலிகளின் ஈரல் நன்றாக இருந்தது. தண்ணீர் குடித்தவற்றின் ஈரலும் நன்றாகவே இருந்தது! மருந்து போலி என்றேன், மெஷின் கோளாறு என்றேன். தன் மெஷினைக் குறை சொல்கிறவர்கள் முதலில் போய் முகம் கழுவிவிட்டு வரலாம் என்றாள் அக்கா.

முகம் கழுவாமல் கூண்டு கழுவப் போனேன். கோபம் வந்தால் எதையாவது தேய்த்தாக வேண்டும் எனக்கு. தண்ணீர்க் கூண்டின் தட்டை உருவினால் புழுக்கை பச்சையாக இருந்தது. நாங்கள் வைக்கிற தீவனமோ பழுப்பு.

யார் எதைப் போடுகிறார்கள் என்று பிடிக்க, மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் எலி அறைக் கதவைத் திறந்தேன். தண்ணீர்க் கூண்டின் முன்னால் சார் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில், சாறு வடித்தபின் குப்பைக்குப் போகிற இலைச் சக்கை. அதை உருட்டி உருட்டிக் கம்பி இடுக்கில் நீட்டி, "சாப்பிடு ராசா, உனக்குத்தான் யாரும் ஒண்ணும் தர்றதில்ல" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். கையும் களவுமாக மாட்டியவர் திருதிருவென்று விழித்தார்.

"என்ன மாமா இது?" சார் என்பது வாயில் வரவில்லை.

"சாறெல்லாம் எறங்கிப் போச்சு, வெறும் சக்கைதானேம்மா. மருந்தையும் குடிச்சிட்டு வெறும் தண்ணியோட கெடக்குதுங்க, பாவம். இதுல என்ன இருக்கப் போகுது?"

திட்ட வந்தவள் அப்படியே நின்றேன். உருண்டையை நீட்டிய அவர் கையும் அந்தரத்தில் நின்றது. சக்கையில் ஒன்றும் இல்லையென்றால் இந்த எலிகள் எப்படிப் பிழைத்தன? எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பிறகு அவருக்கும்.

மேலிடத்துக்கு மாமாவே போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு வாய்ப்போடு திரும்பி வந்தார். புது எலிகள். மூன்று கூண்டுகள்: சாறு, சக்கை, வெறும் தண்ணீர். சாவியை நானே வைத்துக்கொண்டேன். மாமாவுக்கு உள்ளே வரத் தடை. கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு மனசு கேட்காது, ஆனாலும் திறக்கவில்லை.

கடைசியில் அக்கா வந்தாள். தண்ணீர்க் கூண்டில் ஈரல் கெட்டிருந்தது. சாறு குடித்தவை தேறியிருந்தன. சக்கை தின்றவை அவற்றையும் மிஞ்சியிருந்தன. அறை எங்களுக்கே! தலைகால் புரியாமல் அக்காவைக் கட்டிப்பிடித்தேன், அவள் மெஷினிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மாமா முழுசாகக் கேட்கக்கூட இல்லை. கையை நீட்டினார். "சாவியக் குடு. தண்ணிக் கூண்டுக்கு இப்பவாவது சக்கை குடுக்கலாம்ல?"

கொடுத்தேன். பக்கத்தில் நானும் குந்தினேன். ஒரு எலி மட்டும் உருண்டையை வாங்காமல் கம்பியைக் கடித்துக் கத்திக்கொண்டிருந்தது. இதற்கு என்ன கோபம் என்று கேட்டேன்.

"அது அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் கத்தும். ஆனா தங்கம்" என்றார் மாமா. "கண்ணாடி வழியா பாத்த அன்னைக்கே அதுக்கு உன் பேர வச்சுட்டேன்."