புருஷன் செத்தவளுக்கு மிஸ்ஸி எதற்கு?

"அந்தக் கிளினிக் மேசையில ஏறிப் படுத்துட்டு வந்தீன்னா, இந்த வாசப்படிய மிதிக்காத, சொல்லிட்டேன்!"

ஜோசபின் கதவு நிலையில் கையை ஊன்றி வழியை மறித்து நின்றாள். உள்ளே, கிளம்பிய கோலத்தில் மருமகள் அகத்தா. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பால் வெட்டிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தியதும்.

அது 1989ஆம் வருஷம். ஜோசபினின் மகன், லாரி ஓட்டிய சிரில், எங்கோ வாங்கி வந்த எச்.ஐ.வி. கிருமியை மனைவி அகத்தாவுக்கும் கொடுத்துவிட்டுச் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனுக்குப் பூசை வைத்தார்கள். அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, பின்புற அறை. எவ்வளவு நியாயமானவர்கள் பாருங்கள்!

அந்த அறையில்தான் சிரிலின் அக்கா கேதரின் நான்கு வருஷத்துக்கு முன் செத்தாள். அவளும் விதவை. இப்போது போலவே, அவள் சாவதற்கு முந்தின வருஷமும் தோட்டத்துக் கிளினிக்குக்கு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்தாள், புற்றுநோய் இருக்கிறதா என்று கர்ப்பப்பை வாயைச் சோதிக்கிறோம், எல்லோரும் வாருங்கள் என்றாள். கேதரின் கிளம்பினாள். "புருஷன் செத்தவளுக்கு மிஸ்ஸிகிட்ட என்னா வேல? எவனோட தொடுப்புன்னு லயமே கேக்கும்" என்று ஜோசபின்தான் தடுத்தாள். பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் கர்ப்பப்பை என்பது இவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

மறு வருஷம் கேதரினுக்கு உதிரம் நிற்கவில்லை. ஏழு மாதம் அந்தத் துணிகளை அலசியவள் அகத்தா. அந்த வாடை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. சில மத்தியானங்களில் பின்னால் யாரோ துணி அலசும் சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் வாளி காய்ந்து கிடக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"மிஸ்ஸி சொன்னாங்க அத்த. என் ரத்தத்துல அது இருக்கறதால, புண்ணு வந்தா எனக்குச் சீக்கிரம் முத்திருமாம். மத்தவங்களுக்கு முன்னாடி நான்தான் பாக்கணுமாம்."

"ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, பின்ன என்னாத்துக்குலா போற?"

"இல்லாதப்பவே பாக்கணும். கேதரின் அண்ணிக்கு எல்லாம் வந்தப்புறந்தானே நமக்குத் தெரிஞ்சிச்சு?"

"அவ பேர எடுக்காத!" ஜோசபினின் குரல் உடைந்தது. "நீ போயிப் பொழச்சி வந்துட்டா... அப்ப அவள..."

அகத்தாவுக்குப் புரிந்துவிட்டது. லயத்துப் பேச்சுக்கெல்லாம் இந்தக் கிழவி பயப்படவில்லை. மருமகள் பிழைத்தால், மகளைக் கொன்றது யார் என்று தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் பயந்தாள். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து உயிரை விட முடியுமா?

அகத்தா நிலையில் ஊன்றியிருந்த அந்தக் கையை நோக்கித் தன் கையை நீட்டினாள். தொட்டுவிடுவாளோ என்று ஜோசபின் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். வழி கிடைத்தது.

கிளினிக் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மிஸ்ஸி பிரேமாவதி மட்டும் மற்றவர்களிடம் பேசுவது போலவே பேசி, மற்றவர்களுக்குப் போட்ட மாதிரி புதுக் கையுறை போட்டுச் சோதித்தாள். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார்கள்.

அங்கே போன அன்றே சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஜோசபின் வாசலில் நின்றாள். இந்த முறை மறிக்கவில்லை.

"என்னா செஞ்சாங்க?"

"புண்ணு ஆரம்பமாம். சுட்டு எடுத்துட்டாங்க. இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா போயிக் காட்டணும்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அரை மணி நேரங்கூட இல்ல."

ஜோசபின் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"என் புள்ளைக்கும்... அரை மணி நேரந்தான் ஆயிருக்குமா?"

இல்லை, அவளுக்கு வந்தது வேறு என்று சொல்லியிருக்கலாம். கிழவி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"ஆமா அத்த" என்றாள் அகத்தா.