பன்னிரண்டு மடங்கு

சூட்டின் சத்தம் சதுப்பைத் தாண்டி எதிர்மலையில் மோதித் திரும்புவதற்குள் சுன்னிவா துப்பாக்கியின் தொலைநோக்கி ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். எல்க் மான் மூன்று எட்டு வைத்தது. முன்னங்கால் மடங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மான் நின்றிருந்த இடத்துக்கு நேர் பின்னால், பிர்ச் மரங்களுக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று சட்டென்று தாழ்ந்து மறைந்தது.

அன்று மலையில் அவளைத் தவிர ஆறு பேர் வேட்டைக்காரர்களின் அடையாளமான ஆரஞ்சு உடுத்தியிருந்தார்கள். ஐந்து பேர் எந்தெந்த இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆறாவது ஆள் நாயோடு காட்டுக்குள் போன யூஸ்டைன், அவளுடைய அக்கா மாரித்தின் கணவன்.

ரேடியோவை எடுத்தாள். "யூஸ்டைன், எங்க இருக்க?"

இரைச்சல் மட்டும் வந்தது.

"யூஸ்டைன், கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லு."

குழுவின் தலைவர் ஓட்வர்தான் பதில் சொன்னார். "சுட்டது நீதானா? விழுந்துச்சா?"

"விழுந்துடுச்சு. யூஸ்டைன் பேச மாட்டேங்கிறான்."

"பள்ளத்துல இருப்பான். அங்க ரேடியோ எடுக்காது. நாய் வந்துச்சா?"

நாய் வந்துவிட்டது. ரப் என்று பெயர், சாம்பல் நிற எல்க் வேட்டை நாய். விழுந்த மானின் கழுத்து மயிரைக் கவ்வி உலுக்கிக்கொண்டிருந்தது. நாய்க்குப் பின்னாலேயே ஆளும் வருவதுதான் வழக்கம். இன்றைக்கு நாய் மட்டும் வந்திருந்தது.

"இடத்தை விட்டு நகராத. நான் சொல்ற வரைக்கும் யாரும் நகரக் கூடாது" என்றார் ஓட்வர்.

துப்பாக்கியைக் காலி செய்தபோதுதான் ஸ்கோப்பின் உருப்பெருக்க வளையம் கண்ணில் பட்டது. பன்னிரண்டு மடங்கில் நின்றது. காலையில் சதுப்பின் மறுகோடியை அலசிப் பார்க்கத் திருகியவள் திரும்பக் குறைக்கவில்லை. மானோ மறுகோடியில் வரவில்லை. இடப்பக்கம் நாற்பது மீட்டரில் வந்து நின்றது. ஸ்கோப்பைத் திருப்பியதும் முதலில் கிளைகள் தெரிந்தன, அப்புறம் பழுப்பு மயிர், இன்னும் மயிர். அது வயிறா தொடையா என்று தடுமாறி, மெல்ல நகர்த்தித் தோள் எலும்பைக் கண்டுபிடித்து விசையை அழுத்தினாள். வட்டம் முழுக்க மான்தான். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த வட்டத்துக்குள் பார்க்க வழியே இல்லை. நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒன்பது வருடமாக வேட்டைக்கு வருகிறாள். முதல் இரண்டு வருடம் குழாய் நுனியின் இரும்பு முள்ளை வைத்தே குறி பார்த்தாள். அந்தி மங்கலில் முள் எது, மான் எது என்று தெரியாமல் ஒரு நல்ல ஆண் மானைக் கோட்டைவிட்டாள். அடுத்து சிவப்புப் புள்ளி தெரியும் சின்னக் கண்ணாடியை மாட்டினாள். அதில் இரண்டு கண்ணையும் திறந்தே சுடலாம்; ஓடுகிற மானுக்கு அதைவிடச் சுகமான குறி கிடையாது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் நூற்றைம்பது மீட்டரில் நின்ற பெண் மானின் மேல் அந்தப் புள்ளியை வைத்துச் சுட்டபோது குண்டு வயிற்றில் பாய்ந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க மறுநாள் மதியம் ஆனது. உயிரோடுதான் கிடந்தது. அது பார்த்த பார்வையைச் சுன்னிவாவால் மறக்க முடியவில்லை. இனி எங்கே சுடுகிறோம் என்று ரோமம் ரோமமாகத் தெரிந்தால்தான் சுடுவேன் என்று போய், கடையில் இருந்ததிலேயே பெரிய ஸ்கோப்பை வாங்கி வந்தாள்.

"இதுல நிலாவுல மேயுற எல்க்கும் தெரியுமா?" என்று யூஸ்டைன்தான் முதல் நாளே கேலி செய்தான். "மலைக்கு அந்தப் பக்கம் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு பாப்போம்."

அவள் மறுபடி ரேடியோவை அழுத்தினாள். பதில் இல்லை. மாரித் இந்நேரம் அடுப்படியில் இருப்பாள். அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனம் தன்போக்கில் தேட ஆரம்பித்துவிட்டது. அந்தத் தேடல்தான் அவளை எழுப்பியது. துப்பாக்கியை அங்கேயே கிடத்திவிட்டு, ஓட்வர் சொன்னதை மீறி நடந்தாள்.

சதுப்பு ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை இழுத்தது. மானைக் கடந்தபோது ரப் வாலாட்டியது. அவள் குனியவில்லை. மேட்டில் ஏறி, "யூஸ்டைன்" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது தனக்கே கேட்காததால் மறுபடியும் கூப்பிட்டாள்.

"இங்கதான் இருக்கேன். கத்தாத."

ஓடைக் கரையில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். மடியில் காப்பிக் குடுவை. அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், அது திறக்கவில்லை.

"அடி பட்டுச்சா?"

"முட்டி பிசகிடுச்சு. ரேடியோ தண்ணில போயிடுச்சு." தலையைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினான். "அதப் பாரு."

இரண்டு கை தூரத்தில் ஒரு பிர்ச் மரம். நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பட்டை பிய்ந்து உள்மரம் ஈரமாகத் தெரிந்தது. மானைத் துளைத்து வந்த குண்டு. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னை நான் பாக்கவே இல்ல" என்றாள்.

"தெரியும். பாத்திருந்தா சுட்டிருப்பியா?" பிசகிய முட்டியைத் தடவிக்கொண்டான். "தப்பு எம்மேலயும் இருக்கு. நான் நாய்க்கு இவ்வளவு பக்கத்துல வந்ததை ரேடியோல சொல்லியிருக்கணும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "ஓட்வர்கிட்ட நான் எதுவும் சொல்லப்போறதில்ல. வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். மாரித்துக்கும் அதேதான்."

சுன்னிவா அவன் மடியிலிருந்த குடுவையை வாங்கித் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். பாதி கீழே சிந்தியது. அவன் சொன்னதை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசை என்பதை எண்ணி வெட்கமாகவும் இருந்தது.

மானைச் சுற்றி எல்லோரும் கூடி, ஒருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, "இந்தச் சூட்டுக்கு யாரும் என்னைப் பாராட்டாதீங்க" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். யூஸ்டைன் இடையில் புகப் பார்த்தான். ஓட்வர் கையமர்த்தினார். அவள் முடித்ததும் அவர் பேசினார்.

"உன் துப்பாக்கியை என் வண்டில வை. இந்த வருஷம் உனக்கு முடிஞ்சுது. போலீசுக்கு நான் இன்னைக்கே சொல்லியாகணும்."

"சொல்லுங்க."

"அடுத்த வருஷம் உன்னைச் சேக்கலாமான்னு யூஸ்டைன்தான் சொல்லணும்."

அக்காவிடம் அவளே போய்ச் சொன்னாள். மாரித் ஈரக் கையைத் துடைக்காமல் நின்று கேட்டாள். திட்டுவாள் என்று சுன்னிவா எதிர்பார்த்தாள்.

"பாக்கவே இல்லையாடி?"

"இல்ல."

"அதுதான் எனக்குத் தாங்கல. அந்த மயிரெல்லாம் எண்ணி எண்ணிப் பாத்திருக்க. மனுஷன் நிக்கிறது தெரியல." கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே வரச் சொல்லவும் இல்லை. ஈஸ்டர் வரை இரண்டு பேருக்கும் இடையே பேச்சு வார்த்தை இல்லை.

பெரிய ஸ்கோப் பழுதில்லாத கண்ணாடி. குறையெல்லாம் அவளிடம்தான், அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. இருந்தாலும் காட்டுக்குள் அதை இனி எடுத்துப் போக முடியாது என்று கழற்றினாள். துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் பலரிடம் கேட்டு, இரவலாக வாங்கிப் பார்த்து, கடைசியில் ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை போகிற சின்ன ஸ்கோப்பை மாட்டினாள். ஒன்றில் வைத்தால் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற காடு அப்படியே தெரியும், நடுவில் ஒரு புள்ளியோடு. கோடை முழுக்க அந்தத் தளத்தில் தண்டவாளத்தில் ஓடவிடும் மான் உருவப் பலகையில் இருகண்ணும் திறந்து சுட்டுப் பழகினாள். ஒவ்வொரு சூட்டுக்கு முன்னும் தலையை நிமிர்த்திப் பலகைக்குப் பின்னால் பார்ப்பாள். "என்ன, சாமி கும்பிடுறியா?" என்று ஒருத்தன் கேட்டான். அவள் அடுத்த தோட்டாவை ஏற்றி மறுபடி நிமிர்ந்து பார்த்தாள்.

மறு அக்டோபரில் யூஸ்டைன் சம்மதம் சொன்னான். மாரித் ரொட்டியும் பழுப்புச் சீஸும் பொட்டலம் கட்டி இருவருக்கும் கொடுத்தனுப்பினாள். சுன்னிவாவின் கையில் கொடுக்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேட்டையின் மூன்றாம் நாள் மூன்று வயசு ஆண் மான் ஒன்று அறுபது மீட்டரில் மேட்டின் உச்சியில் ஏறி நின்றது. விலாவைக் காட்டி நின்றது. எங்கோ ரப் குரைத்தது. சுன்னிவாவின் புள்ளி மானின் தோளில் இருந்தது. விரல் விசைக்கு வெளியே இருந்தது. மானைச் சுற்றி எல்லாம் தெரிந்தது, ஆனால் மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண் இல்லை. வானம்தான். மான் காதைத் திருப்பிவிட்டு மறுபக்கம் இறங்கிப் போனது.

"உன் பக்கம்தானே வந்துச்சு, ஏன் சுடல?" யூஸ்டைன் ரேடியோவில் கேட்டான்.

"பின்னால வானம். நீ எங்க இருக்க?"

"ஓடைக்குக் கிழக்கால. உனக்கு இடப்பக்கம், முந்நூறு மீட்டர்."

"நகர்ந்தா சொல்லு."

"சொல்றேன்."

கால்மணிக்கு ஒருதரம் அவன் சொன்னான். சொல்லாத இடைவெளிகளில் அவள் தானே கேட்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஓட்வர் வேட்டையை முடிக்கும்வரை அப்படியே போனது.